கேள்வி பதினேழு

பதினாறு வரைக்கும் தாயிடம் கேட்கிறோம்.
தகப்பன் பதினேழில்தான் வருகிறான்,
மூன்றாம் பக்கத்தின் அடியில்.
'கரு உண்டாவதற்கு முந்தைய மூன்று மாதங்களில்
நீங்கள் செய்த வேலை,
சுவாசித்த புகை, கையில் பட்ட மருந்து.'

ஏன் மூன்று மாதம் என்று கேட்டவர் ஒருவர்தான்.
முசம்மில் என்று வைத்துக்கொள்வோம்.
கிண்ணியாப் பாலத்துக்கு அந்தப் பக்கம்,
வள்ளங்களுக்கு அடிப் பெயின்ற் பூசுகிறவர்.

ஒரு விந்தணு உருவாகி முடிய
கிட்டத்தட்ட எழுபத்துநாலு நாள், என்றேன்.
இந்த இடத்தில் நான் பேனாவைப் பார்ப்பேன்,
ஆண்கள் என் செருப்பைப் பார்ப்பார்கள்.
அவர் விரலை மடித்தார்.
பிள்ளை பிறந்த நாளிலிருந்து பின்னுக்கு
ஒன்பது மாதம், பிறகு அந்த எழுபத்துநாலு,
நோன்பைத் தாண்டி, வாடைக்காற்றைத் தாண்டி
சீனக்குடாவில் ஒரு பழைய இழுவைப் படகின்
வயிற்றுக்கடியில் போய் நின்றார்.
'மூக்குக்கு ஒண்டும் கட்டேல்ல' என்றார்.
கட்டவில்லை என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்.

மகன், இலக்கம் நூற்றிப் பதினாலு.
மூத்திர வாசல் நுனியில் இல்லை, அடிப்பக்கம்.
பிரசவ விடுதியில் யார் கண்ணிலும் படவில்லை.
கண்டது சுன்னத்துக்கு வந்த ஒஸ்தா மாமா.
துணியை விலக்கிப் பார்த்தார்,
கத்தியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.
'இந்தத் தோலை நான் தொடப்படாது.
தைக்கிற டொக்டருக்குத் தேவைப்படும்.'
புரியாணி சகன் சகனாகப் போனது.
எல்லாரும் சாப்பிட்டார்கள். யாரும் கேட்கவில்லை.
அசருக்கு முன் ஊருக்கே தெரிந்திருந்தது.

கிரகணத்தன்று மீன் அரிந்தாளாம் ஹம்சியா.
இரும்பு மாத்திரையைக் கோழிக்குப் போட்டாளாம்.
அவள் தேத்தண்ணி வைத்துவிட்டு
திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள்,
கால்விரல்கள் மட்டும் தெரிந்தன.

ஒப்பீட்டுக்கு இன்னொரு வீடு வேண்டும்:
அதே மாதம், அதே ஆஸ்பத்திரி, குறை இல்லாத பிள்ளை.
தம்பலகாமத்தில் குணநாயகம்.
வெறும் மேலோடு வயலுக்கு மருந்தடிப்பவர்.
பதினேழில் எல்லாவற்றுக்கும் ஆம்.
சாராயம், ஆம். சிகரட், ஒரு நாளைக்குப் பத்து.
பிள்ளை கட்டிலில் குதித்து
என் கோப்பைத் தட்டி விழுத்தினான்.
பஸ் ஸ்ராண்டில் காத்திருக்கையில்
வெற்றுப் படிவம் ஒன்றைப் புள்ளிமான் தின்றது.
திருகோணமலையில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரவு பத்துக்கு முசம்மில் எடுத்தார்.
'மிஸ், என்னாலதான் எண்டு
ஒரு கடிதம் தரேலுமா? சீலோட.
உம்மாக்கிட்டக் காட்டணும்.'

ஆராய்ச்சி தனியொருவரைப் பற்றிப் பேசாது, என்றேன்.
நானூறு பேரைச் சேர்த்து வைத்தால்
மெல்ல முணுமுணுக்கும்.
அதுவும் 'இருக்கலாம்' என்றுதான்.

கனநேரம் பேச்சில்லை.
கடல் சத்தமோ, ஃபேனோ தெரியாது.

'அப்ப அவளாலதான் எண்டும்
சொல்லேலாதுதானே?'

சொல்ல ஏலாது.

'அத எழுதித் தாங்க.'

நெறிமுறைக் குழுவைக் கேட்கவில்லை.
பேராசிரியருக்குத் தெரியாது.
கோடு போட்ட கொப்பித் தாளில்,
சீல் இல்லாமல், ஒரே வசனம் எழுதினேன்:
தாய் செய்த எதனாலும் இது வந்தது என்பதற்கு
எங்களிடம் ஆதாரம் இல்லை.
'எங்களிடம்' என்பதை இரண்டு தரம் வெட்டி
மறுபடி எழுதினேன்.

கண்டியில் இரண்டு முறை அறுவை.
நான் அதற்குள் வேறு ஆய்வுக்கு மாறிவிட்டேன்,
கன்னியா வெந்நீருக்குப் போகும் வழியில்
கிணற்றுத் தண்ணீர் போத்தல் சேர்க்கும் வேலை.
அங்கே நிற்கையில் ஒரு குரல் பதிவு வந்தது.

பதினொரு வினாடி. பேச்சில்லை.
தகரவேலியில் ஒரே நேராய்த் தண்ணீர் விழும் சத்தம்.
கடைசியில் ஹம்சியா அதட்டுகிறாள்:
'டேய், பூக்கண்டுல அடிக்காத!'